சீசன் தொடங்குமுன் எழுதிய பெயர்கள்: எங்கள் லீக்கில் நடந்தவை

காத்ர் போர்னிலிருந்து:

ஃபேன்டஸி பிரீமியர் லீக் விலைப் பட்டியல் வந்த நாளிலிருந்து மொரீஷியஸில் நம் குழுவில் யாருக்கும் தூக்கம் இல்லை. இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த இரண்டு தம்பிகள் "யாரை எடுப்பது அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழப்புவதைவிட, இத்தனை வருடங்களில் சீசனுக்கு முன்னால் நாம் எழுதியது என்ன, அப்புறம் நடந்தது என்ன என்று அவரவர் எழுதினால் அவர்களுக்குப் பிடி கிடைக்கும். நானே தொடங்குகிறேன்.

முதலில் நம் வழக்கம். இங்கிலாந்து ஃபுட்பால் ஆட்டக்காரர்களைக் கற்பனைப் பணத்தில் எடுத்து அணி சேர்த்து, அவர்கள் நிஜத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி வாங்குவதுதான் ஃபேன்டஸி பிரீமியர் லீக். எல்லோருக்கும் 100 மில்லியன்தான். அதற்குள் 15 பேர், ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. இது உலகத்துக்கே பொது. நமக்கென்று உள்ளது செம்பு. ஆகஸ்ட் குளிரில் வாக்வாவில் மாமா வீட்டுத் திண்ணையில் கூடி, கத்தோ பிமா என்கிற மிளகாய் வடையும் தேநீருமாக ஆளுக்கு ஒரு தாளில் மூன்று பெயர் எழுதுவோம். தங்கம்: இந்த ஆண்டு அதிகப் புள்ளி தரப்போகிறவர். சுண்டைக்காய்: விலை குறைவு, ஆனால் பலன் இருக்கும். மூன்றாவது ஏமாற்று: விலையைப் பார்த்து எல்லோரும் எடுப்பார்கள், பலன் இருக்காது. தாள்களை மடித்துப் பித்தளைச் செம்பில் போட்டு, மாமி அதைச் சாமி அறையில் வைத்துவிடுவார். மே மாதம்தான் எடுப்போம். லீக்கில் கடைசியாக வருகிறவர் எல்லோருக்கும் வாழையிலையில் ஏழு கறி விருந்து போட வேண்டும்.

என் கதை 2022. நான் சிறுவயதிலிருந்து லிவர்பூல் ரசிகன். அந்த ஜூலையில் லிவர்பூலுக்குப் புதிதாக வந்த டார்வின் நூன்யெஸ் லைப்சிக் அணிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் இறங்கி நான்கு கோல் போட்டார். 30 ஜூலை, சீசனுக்கு முந்தைய கோப்பை ஆட்டமான கம்யூனிட்டி ஷீல்டு நமக்கு இரவு 8 மணிக்கு. மாமா வீட்டில்தான் பார்த்தோம். அதிலும் நூன்யெஸ் ஒரு கோல். மறுபக்கம் மான்செஸ்டர் சிட்டிக்குப் புதிதாக வந்திருந்த ஹாலண்ட், கடைசி நிமிடத்தில் கோல் வாய்க்கு எதிரிலேயே நின்று பந்தை மேல்கம்பத்தில் அடித்தார். அன்றிரவே என் தாளில் தங்கம் நூன்யெஸ், ஏமாற்று ஹாலண்ட் என்று எழுதினேன். நூன்யெஸ் விலை 9 மில்லியன், ஹாலண்ட் 11.5. இரண்டரை மில்லியன் மிச்சம் என்று மனம் நிறைந்திருந்தது.

முதல் வாரம் நூன்யெஸ் மாற்று ஆட்டக்காரராக வந்து ஃபுல்ஹாமுக்கு எதிராக ஒரு கோல், ஒரு அசிஸ்ட் (கோலுக்குப் பந்து கொடுத்தது). நான் நினைத்தது சரி என்றுதான் தோன்றியது. அடுத்த வாரம் அவரையே கேப்டனாக்கினேன். திங்கட்கிழமை இரவு, நமக்கு 11 மணிக்குத் தொடங்கிய ஆட்டம். நள்ளிரவு தாண்டி, 57ஆவது நிமிடத்தில் கிரிஸ்டல் பேலஸ் தடுப்பாளர் ஆண்டர்சனைத் தலையால் முட்டி சிவப்பு அட்டை வாங்கினார். அட்டைக்கு மைனஸ் மூன்று, ஆடியதற்கு ஒன்று. மொத்தம் மைனஸ் இரண்டு. கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு என்பதால் மைனஸ் நான்கு. மூன்று ஆட்டத் தடை வேறு. அந்தத் தடைக் காலத்தில்தான் லிவர்பூல் போர்ன்மவுத்தை 9-0 என்று அடித்தது. அதே 27 ஆகஸ்ட் அன்று ஹாலண்ட் பேலஸுக்கு எதிராக மூன்று கோல், நான்கு நாள் கழித்து ஃபாரஸ்டுக்கு எதிராக இன்னொரு மூன்று. என் அணியில் அவர் இல்லை.

மே மாதம் செம்பைத் திறந்தபோது ஹாலண்ட் 36 கோல், 272 புள்ளி. நூன்யெஸ் லீக்கில் 9 கோல். என் தாளை மாமா சத்தமாக வாசித்தார். அன்றைக்கு நான் யோசித்தது இன்றும் மாறவில்லை. ஹாலண்ட் ஜெர்மன் லீக்கில் 67 ஆட்டத்தில் 62 கோல் போட்டுவிட்டு வந்தவர், பெனால்டியும் அவருக்குத்தான். அத்தனையும் என் கண் முன்னால் இருந்தது. ஒரே ஒரு தவறிய அடியைப் பார்த்து அவ்வளவையும் ஒதுக்கினேன்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

அண்ணன் சொன்ன இரவு எனக்கும் நினைவிருக்கிறது, நானும் ஹாலண்டை எடுக்கவில்லை. ஆனால் நான் எழுத வந்தது 2015.

என் சித்தப்பா குடும்பம் பக்கத்துத் தீவான ரீயூனியனில் சான் பியேரில் இருக்கிறது. திமித்ரி பயே அந்த ஊர்ப் பையன். அந்த ஜூன் மாதம் மர்சேயிலிருந்து வெஸ்ட் ஹாமுக்குப் போனதும் சித்தப்பா போன் பண்ணி, "பிரெஞ்சு லீக்கில் போன வருஷம் இவரைவிட அதிகமாகக் கோலுக்குப் பந்து கொடுத்தவர் யாருமில்லை, எடு" என்றார். இங்கிலாந்துப் பத்திரிகைகளைப் படிப்பவர்களுக்கு அவர் புதியவர். நமக்கு அப்படி இல்லையே. பிரெஞ்சுப் பத்திரிகையும் பிரெஞ்சுத் தொலைக்காட்சியும் வீட்டிலேயே இருக்கிறது. மொரீஷியஸ்காரர்களுக்கு இந்த விளையாட்டில் உள்ள ஒரே அனுகூலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்; பாதிப் பேர் அதைப் பயன்படுத்துவதில்லை.

முதல் நாளே வெஸ்ட் ஹாம் ஆர்சனல் மைதானத்தில் 2-0 என்று ஜெயித்தது, முதல் கோலுக்குப் பந்து கொடுத்தவர் பயே. நவம்பரில் காலில் அடிபடும் வரை அவரை நான் விற்கவே இல்லை.

ஆனால் அதே கணக்கை இன்னொருவருக்குப் போட மறந்துவிட்டேன். லெஸ்டரின் ரியாத் மாரேஸும் பிரான்ஸிலிருந்து போனவர்தான், லெ ஆவ்ர் அணியிலிருந்து. விலை 5.5 மில்லியன்! நம் குழுவில் அவரைச் சுண்டைக்காய் என்று எழுதியது மாமா ஒருவர்தான். முதல் ஆட்டத்தில் சண்டர்லாந்துக்கு எதிராக இரண்டு கோல், ஆண்டு முடிவில் 17 கோல், 240 புள்ளி, லெஸ்டர் சாம்பியன். "எப்படி மாமா?" என்று கேட்டேன். "இந்த அணியில் பெனால்டி அவனுக்கு, ஃப்ரீ கிக் அவனுக்கு, கார்னர் அவனுக்கு. வேறென்னடா வேணும்?" என்றார். அதற்கப்புறம் என் தாளில் பெயர் எழுதுமுன் இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்கிறேன்.

எபெனிலிருந்து:

நான் திருநெல்வேலிக்காரன், இங்கே வேலைக்கு வந்த இடத்தில் இவர்களோடு சேர்ந்தேன். 2019 என் முதல் வருடம்.

நட்பு ஆட்டங்களைப் பார்க்கவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோலைப் பார்க்காதீர்கள், எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ஷெஃபீல்டு யுனைடெட்டின் ஜான் லண்ட்ஸ்ட்ராம் பட்டியலில் தடுப்பாளர், விலை 4 மில்லியன். ஆனால் களத்தில் ஆடியது நடுக்களத்தில். தடுப்பாளர் என்பதால் கோல் போட்டால் ஆறு புள்ளி, எதிரணி கோல் போடாவிட்டால் இன்னொரு நான்கு. கோலை நோக்கி ஓடுகிற ஒருவருக்குத் தடுப்பாளர் கணக்கில் புள்ளி கொடுக்கிறார்கள் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? சுண்டைக்காய் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். யாருக்கும் அவரைத் தெரியவில்லை.

எடுத்தேன். ஆனால் களமிறங்கும் 11 பேரில் சேர்க்காமல் பெஞ்சில் வைத்தேன். அதுதான் இன்றும் வலிக்கிறது. 2 நவம்பர் 2019, பர்ன்லிக்கு எதிராக 3-0. லண்ட்ஸ்ட்ராம் இரண்டு கோல், எதிரணிக்குக் கோல் இல்லை. என் 11 பேரும் அன்று ஆடிவிட்டார்கள், அதனால் பெஞ்சிலிருந்து யாரும் உள்ளே வரவில்லை. பெரிய பெயர்களை உட்கார வைக்க மனம் வரவில்லை எனக்கு. அந்த ஆண்டு அவர் 144 புள்ளி. சுண்டைக்காய் என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. வாராவாரம் அவரை நம்பி இறக்குவது மீதி.

போர்ட் லூயிஸிலிருந்து:

தம்பிகளே, யாரை எடுப்பது என்பதோடு எப்போது எடுப்பது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் அணியை மாற்றுவதற்கான டெட்லைன். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் பகல் 12.30 ஆட்டம் என்றால் நமக்கு மாலை 4.30, டெட்லைன் 3 மணி. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நம் கடிகாரம் அசையாது. அப்புறம் டெட்லைன் 2 மணி. ஒரு சனிக்கிழமை மதியம் மத்தியச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதென்று 2.10க்குத் திறந்தால் பூட்டியிருக்கிறது. அணியில் மூன்று பேர் காயம். அந்த வாரத்தில்தான் முதல் இடத்தை இழந்தேன்.

கியூர்பிப்பிலிருந்து:

நான் 2020ஐ எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ஆண்டு நாம் திண்ணையில் கூடவில்லை.

வாகாஷியோ கப்பல் ஜூலை 25 அன்று நம் கரையருகே தரைதட்டி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் எண்ணெய் கசியத் தொடங்கியது. நாம் எல்லோரும் மாயேபூருக்குப் போனோம். கரும்புச் சோகையைத் துணிப்பையில் அடைத்து, தைத்து, எண்ணெயைத் தடுக்கக் கடலில் மிதக்கவிடும் தடுப்புகள் செய்தோம். தெரியாதவர்களெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். காற்றில் எண்ணெய் நாற்றம், தலைவலி. மனம் தாங்காமல் யாரோ ஒருவர் பேச்சை மாற்ற, அது ஃபுட்பாலுக்கு வந்தது. அந்த ஆகஸ்ட் முதல் தேதிதான் ஆர்சனலின் ஒபாமயாங் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டிருந்தார். முந்தைய லீக் சீசனில் 22 கோல். சோகையை அடைத்தபடி எல்லோரும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள்.

பட்டியல் வந்தபோது அவரை நடுக்கள ஆட்டக்காரர் என்று மாற்றியிருந்தார்கள், விலை 12 மில்லியன். நடுக்களத்துக்காரருக்குக் கோலுக்கு ஐந்து புள்ளி, முன்களத்துக்காரருக்கு நான்குதான். பத்துப் பேர் தாளில் தங்கம் அவர். நான் மட்டும் ஏமாற்று என்று அவர் பெயரை எழுதி, தங்கம் என்ற இடத்தில் டாட்டன்ஹாமின் சன் ஹியூங்-மின் என்று எழுதினேன். அண்ணன்கள் என்னைச் சுற்றி நின்று அரை மணி நேரம் பேசிப் பார்த்தார்கள். என் கணக்கு இதுதான்: ஒபாமயாங்குக்கு வயது 31, இடது ஓரத்தில் நிற்கிறார், பந்து அவரிடம் வருவதே குறைவு. சன் 9 மில்லியன். மிச்சம் மூன்று மில்லியனைச் சேர்த்து, இரண்டு தடுப்பாளர்களை இன்னும் நல்லவர்களாக எடுக்கலாம்.

முதல் வாரம் ஒபாமயாங் கோல் போட்டார். டாட்டன்ஹாம் எவர்டனிடம் தோற்றது, சன்னுக்கு ஒன்றுமில்லை. "அப்போதே சொன்னோம்" என்று எத்தனை செய்தி வந்தது! நான் மாற்றவில்லை. அடுத்த ஞாயிறு, 20 செப்டம்பர், சவுத்தாம்டனுக்கு எதிராக சன் நான்கு கோல். நான்குக்கும் பந்து கொடுத்தவர் அதே அணியின் கேன். வீட்டுக் கூடத்தில் நான் கத்திய சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். ஆண்டு முடிவில் சன் 17 கோல், 228 புள்ளி. ஒபாமயாங் லீக்கில் 10 கோல். அந்த ஆண்டு அதிகப் புள்ளி புருனோ ஃபெர்னாண்டஸ் என்பதால் என் தங்கமும் முழுசாகப் பலிக்கவில்லை. ஆனால் லீக்கை வென்றது நான்.

இந்தக் குழுவில் பெண் நான் ஒருத்திதான். செம்பைத் திறந்த அன்று மாமி என் தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். இன்னும் சாமி அறையில் இருக்கிறது.

காத்ர் போர்னிலிருந்து:

தங்கச்சி எழுதியதைப் படித்ததும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. 2024இல் நம் 11 பேரில் ஆறு பேர் ஏமாற்று என்று எழுதியது லிவர்பூலின் சலாவை. வயது 32, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு, க்ளோப் போய்ப் புதிய பயிற்சியாளர், விலை 12.5. காரணங்கள் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. ஆனால் ரோஸ் ஹில் தம்பி கேட்கிற கேள்விகளை யாரும் கேட்கவில்லை. பெனால்டி அவருக்குத்தான் இருந்தது, 90 நிமிடமும் அவர்தான் ஆடினார். 29 கோல், 18 அசிஸ்ட், 344 புள்ளி. இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே அதுவரை யாரும் எடுக்காத புள்ளி. அந்த ஆறு பேரில் நான் இல்லை. நூன்யெஸ் வருடத்துக்குப் பிறகு நான் சலாவைக் கைவிட்டதில்லை.

புதிய தம்பிகள் இருவரும் வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வாக்வாவுக்கு வந்துவிடுங்கள். தாளும் பேனாவும் அங்கே இருக்கும். போன வருடம் கடைசியாக வந்தவர் இன்னும் ஏழு கறி போடவில்லை, அதையும் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று மாமி சொல்கிறார். வாழையிலை மட்டும் யாராவது கொண்டு வாருங்கள், 13 பேருக்கு.