எடை கூடக் காரணம் நாற்காலியா, தட்டா?

படிக்கட்டு:
எதற்கெடுத்தாலும் சாப்பாட்டின் தலையிலேயே பழியைப் போடுகிறோம். உடம்பு செய்த வேலையெல்லாம் இயந்திரத்துக்குப் போய்விட்டது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் கலோரி எங்கே எரியும்? செலவு குறைந்தது, உடல் பருத்தது. மறுப்பவர்கள் வரலாம்.

அளவுகோல்:
வந்துவிட்டேன். செலவு குறைந்தது என்பது உங்கள் ஊகம். அதை அளக்க வழி இருக்கிறது. கனமான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதிப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டும் குறையும் வேக வித்தியாசத்தை வைத்து, உடம்பு எவ்வளவு எரித்தது என்று சொல்லிவிடலாம். அமெரிக்க ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் இப்படி அளந்து 2012இல் வெளியிட்டது. தினமும் நடந்து, கிழங்கு தோண்டி, வேட்டையாடி வாழ்பவர்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், அவர்களின் மொத்தச் செலவு மேற்கத்திய நகரவாசிகளுடையதைப் போலத்தான் இருந்தது.

படிக்கட்டு:
"உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிறிய உடம்புக்காரர்களை ஒரு சூத்திரத்தில் போட்டுச் சமன் செய்துவிட்டு, "பார், ஒன்றுதான்" என்றால் எப்படி? அளந்ததும் 30 பேரை. அப்புறம், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1980களின் பிற்பகுதியிலிருந்து மொத்தச் செலவு குறைந்திருக்கிறது என்று 2023இல் ஓர் ஆய்வு வந்ததே, அது உங்கள் கண்ணில் படவில்லையா?

அளவுகோல்:
பட்டது. நீங்கள்தான் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதில் குறைந்தது எந்தப் பகுதி? சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் அடிப்படைச் செலவு. அசைவுக்கான செலவு குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது! நாற்காலி வாதத்துக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டுமா?

பசித்தவள்:
உங்கள் சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. டயட்டில் இறக்கிய எடை எல்லாம் திரும்ப ஏறிவிட்டது. நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரி எரிக்கும் வேகம், படுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

அளவுகோல்:
வயதைக் குற்றம் சொல்ல முடியாது. 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைச் சேர்த்து 2021இல் வந்த ஆய்வில், உடல் அளவுக்கேற்ற செலவு 20 வயதிலிருந்து 60 வரை கிட்டத்தட்ட மாறவே இல்லை. ஆனால் எடையை இறக்கினால் செலவு இறங்கும், அது நிஜம். அமெரிக்காவில் எடைக்குறைப்பு டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்தார் ஆய்வாளர் கெவின் ஹால். ஓய்வில் அவர்கள் எரித்தது, அந்த உடம்புக்கு எதிர்பார்த்ததைவிட நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவு.

படிக்கட்டு:
அதே போட்டியாளர்களைப் பற்றிய அடுத்த ஆய்வை ஏன் விட்டுவிட்டீர்கள்? எடை ஏறாமல் பிடித்து வைத்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். நன்றாக நடமாடியவர்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் உடலுழைப்பில்தான் பெரிய வித்தியாசம், சாப்பிட்ட அளவில் இல்லை. பசித்தவள், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல்:
இறக்கிய எடையைக் காக்க அசைவு உதவும், இதில் எனக்குத் தகராறு இல்லை. நாம் பேசுவது எடை ஏன் ஏறியது என்பதை. அதே ஹால் 2019இல் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்து, ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவை இரண்டு வாரம், சாதாரணமாகச் சமைத்ததை இரண்டு வாரம் கொடுத்தார். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவில் நாளைக்கு 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். 70 கிலோ உடம்பு ஒரு மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தாலும் 250 கலோரி தேறுவது கஷ்டம். அதிலும் சும்மா இருந்தாலே எரிந்திருக்கும் பங்கு உண்டு.

பசித்தவள்:
நான் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். அதுதான் புரியவில்லை.

அளவுகோல்:
கோபப்படாதீர்கள். 1200 கலோரிக்குள் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்றவர்களை 1992இல் சோதித்தார்கள். மெட்டபாலிசத்தில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தார்கள்.

பசித்தவள்:
பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?

அளவுகோல்:
இல்லவே இல்லை. எல்லோருக்கும் கணக்கு தவறும். நாக்கில் ருசி பார்த்ததும், தட்டில் மிச்சமானதை வாயில் போட்டதும் யார் நினைவில் நிற்கும்? ஒரு வாரம் எடை போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

படிக்கட்டு:
அந்த 51 சதவீதத்தைப் பார்த்து நடையை அளக்கச் சொல்லலாம், நடையால் பயனில்லை என்று சொல்ல முடியாது. ஹாலின் ஆய்வும் ஆளுக்கு நான்கு வாரத்தோடு முடிந்தது. வீட்டில் இருப்பவர்களை ஒரு வருடம் கவனித்த ஆய்வு ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள், மேலே பேசலாம்.