அப்பாவின் சவுனா ஆசை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 72 வயது, கோலாலம்பூர் செந்தூலில் எங்களோடு இருக்கிறார். முழங்கால் வலிக்கு செலாயாங் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துக்கொண்டிருந்தவர், இப்போது எங்கள் கொண்டோவில் (அடுக்குமாடியில்) நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சவுனாவில், அதாவது வியர்க்க உட்காரும் சூடான அறையில், உட்கார வேண்டும் என்கிறார். யாரோ வாட்சாப்பில் பின்லாந்து ஆய்வை அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஆய்வு உண்மைதான். 2015இல் வந்தது. அடிக்கடி சவுனா போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாம். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 42 முதல் 60 வயது வரையிலான பின்லாந்து ஆண்கள், அந்தச் சூட்டுக்குப் பழகியவர்கள். அப்பாவோ இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், கூடவே நீர் மாத்திரையும் (சிறுநீரை அதிகம் போக வைப்பது) போடுகிறார். சூட்டில் இரத்தக் குழாய் விரியும், வியர்வையில் நீரும் போகும், அதனால் அழுத்தம் இன்னும் இறங்கலாம். சாதாரணமாகவே காலையில் கட்டிலை விட்டு எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறார். சவுனாவில் எழுந்து தலை சுற்றினால்?

இங்கே வெப்பமானியும் வேலை செய்யவில்லை. காவலாளியிடம் கேட்டால் "பானாஸ் லா" (மலாயில் 'சூடுதான்') என்பதோடு சரி.

வயதான பெற்றோரைச் சவுனாவுக்கு அழைத்துப் போகிற அண்ணன், அக்கா யாராவது இருக்கிறீர்களா? எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறீர்கள்? இன்ஃப்ராரெட் (அகச்சிவப்புக் கதிர்) சவுனா வகையில் சூடு குறைவு என்பதால், செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஆள் கூடவே நிற்கிற இடம் இருந்தாலும் சொல்லுங்கள். மாத்திரை விஷயத்தை அடுத்த வாரம் டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் அவரிடம் வேறு என்ன கேட்கலாம்?

கைவைத்தியம் மட்டும் வேண்டாம், அதை அத்தை பார்த்துக்கொள்கிறார்.