வைகாசியில் சாவி கொடுக்க வேண்டும், புது வீடு ஆவணியில்தான்: நடுவில் எங்கே குடியிருப்பது?

முதல்மாடிக்காரி, நங்கநல்லூர்:

எங்கள் பழைய இரண்டு படுக்கையறை வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டோம். லிஃப்ட் இல்லாத முதல் மாடி. மாமியாருக்கு எண்பதை நெருங்குகிறது. முழங்கால் வலியால் அவர் கீழே இறங்குவது மருத்துவரைப் பார்க்க மட்டும்தான் என்றாகிவிட்டது. விற்பதற்கே அதுதான் காரணம். ஊரப்பாக்கத்தில் லிஃப்டுடன் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறோம். ஆவணியில் சாவி என்கிறார்கள்.

எங்கள் வீட்டை வாங்குகிறவர் வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனி, ஆடி இரண்டும் ஆகாது, விட்டால் அவரும் ஆவணிவரை காத்திருக்க வேண்டும்.

மகன் பிளஸ் டூ. பள்ளி இங்கேயே, சைக்கிள் தூரம். அதனால் ஊர்ப்பக்கம் போய் இருந்துவிட்டு வருவது நடக்காது. மூன்று மாதத்துக்கு வீடு என்றதும் தரகர்கள் முகம் மாறிவிடுகிறது. பதினொரு மாதத்துக்குக் குறைந்து யாரும் தர மாட்டார்களாம், ஆனால் கமிஷன் மட்டும் முழு மாத வாடகை. சர்வீஸ் அபார்ட்மென்டும் பார்த்தோம். மின்சார அடுப்பு ஒன்று, தோசைக்கல் இல்லை, வாடகையோ நாள் கணக்கில். மடிப்பாக்கத்தில் நாத்தனார் வீடு இருக்கிறது, அவர் மனதாரக் கூப்பிடுகிறார். மூன்று நாள் விருந்து வேறு, மூன்று மாதக் குடித்தனம் வேறு. அந்த உறவு எனக்கு வேண்டும்.

சாமான் கதை தனி. ஊஞ்சல், இரண்டு பீரோ, கிரைண்டர், எட்டு பெட்டி கொலு பொம்மைகள். நவராத்திரிக்குள் போய்விடுவோமா என்று மாமியார் தினமும் கேட்கிறார். இந்த நிலையைக் கடந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழவந்தாங்கல்காரர்:

அம்மா, வீடு தேடுவதைச் சற்று நிறுத்திவிட்டு முதலில் ஒன்றை விசாரியுங்கள். ஆவணி என்று சொன்னது யார்? விற்பனைப் பிரிவு இளைஞரா, சைட் இன்ஜினியரா? முன்னவர் சொல்லும் தேதிக்கு மதிப்பே கிடையாது. நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டட நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டதா, குறைந்தது விண்ணப்பமாவது போயிருக்கிறதா? ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் மாட்டியாகிவிட்டதா, இல்லை கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில்தான் விளக்கு எரிகிறதா? லிஃப்டுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டதா? இந்த அளவுக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு வராது. அது வராமல் லிஃப்டை நம்ப முடியாது. உங்கள் வீட்டில் லிஃப்ட் இல்லாமல் குடிபோவதில் அர்த்தமே இல்லை.

ஆவணி தவறினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். புரட்டாசியில் மாமியார் சம்மதிக்கமாட்டார். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி கிடையாது. நேரே தை. ஆக, உங்கள் மூன்று மாதம் மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். எதற்குத் தேடுகிறீர்கள் என்று தெரியாமல் தேடாதீர்கள்.

அடுத்தது, வாங்குகிறவரிடமே பேசுங்கள். அவர் குடிவரப் போகிறாரா, வாடகைக்கு விடப் போகிறாரா? ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளோடு வந்தாக வேண்டியவர் என்றால் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். முதலீட்டுக்கு வாங்குகிறவர் என்றால் அவருக்கு உங்களைவிட நல்ல வாடகைதாரர் கிடைக்கமாட்டார். எந்தக் குழாய் ஒழுகும் என்பதுகூட உங்களுக்குத்தான் தெரியும். பத்திரம் பதிவாகட்டும், முழுப் பணமும் கைக்கு வரட்டும். முகூர்த்த நாளுக்குக் கூடத்தையும் சமையலறையையும் ஒழித்துக் கொடுங்கள். அவர் பால் காய்ச்சி, ஹோமம் செய்துகொள்ளட்டும். மறுநாள் முதல் நீங்கள் அவருடைய வாடகைதாரர்.

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். காலி செய்யும் தேதி, தாண்டினால் நாளொன்றுக்கு எவ்வளவு, பராமரிப்புக் கட்டணம் யார் கட்டுவது என்று எல்லாம் எழுத்தில் வர வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். குறுகிய காலம்தானே என்று விட வேண்டாம்.

கீழ்வீட்டு உரிமையாளர்:

வாடகைக்கு விடுகிற பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். மூன்று மாதம் என்றால் நாங்கள் மறுப்பதற்குக் காரணம் கர்வம் இல்லை. ஒவ்வொருவர் காலி செய்யும்போதும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், குழாய், கதவு பார்க்க வேண்டும், அடுத்த ஆள் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும். அந்தச் செலவைத் தாங்குகிறேன் என்று நீங்களாகச் சொல்லுங்கள். பெயின்ட் செலவு உங்களுடையது, அல்லது போகும்போது ஒரு மாத வாடகை கூடுதல். பாதிப் பேர் இறங்கி வருவார்கள். பதினொரு மாதம் என்று எழுதிவிட்டு மூன்றாம் மாதம் லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் எனக்குப் பிடிக்காது. எங்கள் மாடியில் ஒரு குடும்பம் அப்படிப் போனது. அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்று பெரிய சண்டை.

அட்வான்ஸ் பற்றியும் ஒன்று. எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது என்பது சட்டம். ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டத்தைக் காட்டினால் நடக்காது.

"வாடகைக்கு" பலகையை விட்டுவிட்டு "விற்பனைக்கு" பலகை தொங்கும் காலி வீடுகளைப் பாருங்கள். விற்கும்வரை சும்மா கிடப்பதைவிட வாடகை வந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டுநரிடம் கூட்டு முயற்சிக்குக் கொடுத்து, இடிக்க அனுமதிக்காகக் காத்திருக்கும் தனி வீடுகளும் உங்கள் பகுதியில் இருக்கும். வாடகை குறைவு, தரைத்தளம் கிடைக்கும். ஆனால் சம்ப், மோட்டார், கழிவறை மூன்றையும் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தெருவைவிடத் தாழ்ந்த தளமாக இருந்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வரும். போகிற அன்றே மின் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, நடுவில் நுழைந்தால் முன்னால் ஓடிய யூனிட்டும் உங்கள் தலையில்தான் விழும்.

கணக்குப்பிள்ளை:

வீட்டைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், பணத்தைப் பற்றி இரண்டு வரி. விற்ற லாபத்தைப் புது வீட்டில் போட்டால் வரிவிலக்கு உண்டு. வாங்குவதென்றால் இரண்டு ஆண்டு, கட்டுவதென்றால் மூன்று ஆண்டு அவகாசம். அந்த ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் செலவாகாத லாபத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். வைகாசியில் விற்றால் அந்தக் கடைசி நாள் அடுத்த ஆண்டுதான் வரும், பதற்றம் வேண்டாம். அதுவரை அந்தத் தொகையிலிருந்து வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் எடுக்காதீர்கள். அதைத் தனியாக வையுங்கள்.

முதல்மாடிக்காரி, நங்கநல்லூர்:

எல்லோருக்கும் நன்றி. ஊரப்பாக்கம் போய் வந்தோம். பழவந்தாங்கல்காரர் ஐயா சொன்ன கேள்விகளை சைட் இன்ஜினியரிடம் கேட்டேன். மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தையில் வைத்துக்கொள்ளுங்கள் மேடம்" என்றார். நிறைவுச் சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பமே போகவில்லையாம். லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் சிமென்ட் மூட்டைகள்.

வாங்குகிறவர் பிள்ளைகளோடு குடிவருகிறவர், ஆகவே அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் தை என்று தெரிந்துவிட்டதால் பதினொரு மாத ஒப்பந்தமே இப்போது உறுத்தவில்லை. ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்று மட்டும் ஒரு வரி வேண்டும். பின்தெருவில் விற்பனைக்குப் போட்டிருக்கும் ஒரு தரைத்தள வீட்டுக்காரர் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். வீடு விற்றுப்போனால் எங்களுக்கு இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்று நானும் கேட்டிருக்கிறேன். சாமான்களைக் கிடங்கில் வைப்பதா என்பது மட்டும் பாக்கி.

பழவந்தாங்கல்காரர்:

தை வரை என்றால் கிடங்கு வேண்டாம் அம்மா. மாத வாடகையோடு ஏற்றி இறக்கும் கூலி இரண்டு முறை. ஊஞ்சலை மட்டும் கழற்றி, சங்கிலிகளுக்கு எண்ணெய் பூசித் துணியில் சுற்றிப் பரணில் போடுங்கள். ஒரு பீரோவை விற்றுவிடலாம். கொலுப் பெட்டிகளை லாரியில் ஏற்றாமல் தனி ஆட்டோவில் கொண்டுபோங்கள். பின்தெருதானே.

முதல்மாடிக்காரி, நங்கநல்லூர்:

பீரோவை விற்பது பற்றி மாமியாரிடம் நீங்களே வந்து பேச வேண்டும் ஐயா. கொலு இந்த ஆண்டு வாடகை வீட்டில்தான் என்று சொன்னதும், "படி கட்ட இடம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, ஏழு படிக்கு. வீடு பார்க்க வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல்தான் அனுப்ப வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் சமையல் முடிந்துவிடும்.