ஒரு பிள்ளைக்குப் புண், ஊருக்கே மாத்திரையா?

ஓமலூர் வாத்தியார்
ஒரு பிள்ளைக்குப் புண் என்றால் நோயில்லாதவர்கள் உட்பட ஊருக்கே மாத்திரை கொடுப்பது சரியா? பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட இந்தக் கேள்வியை இங்கே வைக்கிறேன். யாஸ் என்றொரு தோல் நோய், இலங்கையில் பறங்கி என்பார்கள். சூடும் ஈரமும் உள்ள ஊர்களில், பெரும்பாலும் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம், தோலோடு தோல் உரசிப் பரவும். கவனிக்காமல் விட்டால் எலும்புக்குள் இறங்கி முழங்காலுக்குக் கீழே வளைத்துவிடும். உயிரை எடுக்காது, அதனாலேயே யாருக்கும் அவசரம் இல்லை. நோய் உள்ள ஊரில் எல்லோருக்கும், புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே வேளை அஜித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுங்கள் என்று 2012-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், அதிகபட்சம் 2 கிராம். நான் இதை ஆதரிக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை
எனக்கு ஒப்பவில்லை சார். இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். தொண்டை கரகரத்தால் போதும், சீட்டு இல்லாமல் வந்து "அஜித்ரோ ஐந்நூறு, மூணு குடுங்க" என்பார்கள். வைரஸ் சளிக்கு இது எதற்கு என்று கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். டைபாய்டுக்குப் பழைய மாத்திரைகள் பலவும் கேட்காமல் போன பிறகு நாம் நம்பியிருக்கும் மருந்து இது. நோயில்லாதவன் வாயிலும் போட்டால் அவன் உடம்பில் இருக்கும் மற்ற கிருமிகளும் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். நம் நாடு வேறு வழியில் ஜெயித்ததே! 1996-இல் ஒடிசாவின் கோராபுட்டில் தொடங்கி, வீடு வீடாகத் தேடி, புண் உள்ளவருக்கும் கூட இருப்பவர்களுக்கும் பென்சிலின் ஊசி. 2003-க்குப் பிறகு ஒரு நோயாளி கூட இல்லை. 2016-இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்தது.

ஓமலூர் வாத்தியார்
அதை மறுக்கவில்லை. ஆனால் புண் தெரிகிற ஒரு பிள்ளைக்கு, ஒன்றும் தெரியாமல் கிருமியைச் சுமக்கிறவர்கள் பலர் இருப்பார்கள். கண்ணில் பட்டவருக்கு மட்டும் மருந்து என்றால் அவர்களை எப்படிப் பிடிப்பீர்கள்? 1952 முதல் 1964 வரை 46 நாடுகளில் ஐந்து கோடிப் பேருக்கு மருந்து கொடுத்து 95 சதவீதம் குறைத்தார்கள். அதுவும் பென்சிலின்தான். அப்புறம் கவனம் தளர்ந்ததும் நோய் திரும்பிவிட்டது.

மலைத்தேனீ, ஏற்காடு
தம்பிகளா, நான் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வாதக் காய்ச்சலால் இதயம் பாதித்த பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சிலின் போட்டிருக்கிறேன், யாஸுக்கும் போடும் அதே ஊசி. குப்பியில் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் பால் மாதிரி கெட்டியாகும். கொஞ்சம் மெதுவாகத் தள்ளினால் ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும், எடுத்துவிட்டு மறுபடி குத்த வேண்டும். அடுத்த முறை என்னைப் பார்த்ததுமே அந்தப் பிள்ளை காப்பித் தோட்டத்துக்குள் ஓடிவிடும். இதை ஊர் முழுக்கப் போடு என்றால் என்னால் முடியாது. விழுங்கும் மாத்திரை பெரிய வரம்.

ஆனால் விழுங்கினார்களா என்று பார்க்க வேண்டும். பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் கன்னத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பும் பிள்ளைகள் உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும்.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை
அக்கா, நீங்கள் சொல்வதுதான் அங்கேயும் நடந்தது. பப்புவா நியூ கினியாவின் லிஹிர் தீவில் 2013-இல் ஏறத்தாழ 84 சதவீதம் பேருக்குக் கொடுத்தார்கள். புண் உள்ளவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து ஒரு வருடத்தில் 0.3 ஆனார்கள், இன்னும் குறைந்து 0.1 வரை போனது. மூன்றரை வருடத்தில் மறுபடி 0.4-க்கு ஏறியது. பெரும்பாலும் விட்டுப்போனவர்களிடமிருந்து திரும்பி வந்தது. அதைவிட மோசம், ஐந்து பேரிடம் அஜித்ரோமைசினுக்கு அடங்காத கிருமி. அவர்களைக் குணமாக்கியது பழைய பென்சிலின்தான்.

ஓமலூர் வாத்தியார்
அதனால்தான் பிறகு அதே நாட்டின் பல ஊர்களில் மூன்று சுற்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். புண் உள்ளவர்கள் 0.43 சதவீதத்திலிருந்து 0.04-க்கு வந்தார்கள். ஒரே சுற்றும் அப்புறம் நோயாளிகளுக்கு மட்டும் மருந்தும் என்றிருந்த ஊர்களில் 0.16-இல் நின்றது. ஒரு சுற்றோடு நிறுத்தியதுதான் தவறு.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை
மூன்று சுற்று கொடுத்த ஊர்களிலும் அடங்காத கிருமி தென்பட்டது சார். அதையும் அந்த மாணவியிடம் சொல்லுங்கள்.

மலைத்தேனீ, ஏற்காடு
சொல்லட்டும். அதோடு இன்னொன்றும் சொல்லட்டும். அங்கே யாஸ் போலவே இருக்கும் புண்ணை வேறொரு கிருமியும் உண்டாக்கும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு புண்ணிலும் பஞ்சால் துடைத்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப ஓர் ஆள் வேண்டும். அடங்காத கிருமி என்று தெரிந்தால் மறுநாளே ஊசியோடு அந்த வீட்டுக்கு மலையேற ஓர் ஆள் வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை
அந்த ஆள் இருக்கும் ஊரில் நான் எதிர்க்கவில்லை அக்கா. இல்லாத ஊரில் முதல் சுற்றைத் தொடங்கவே கூடாது.

ஓமலூர் வாத்தியார்
இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஆள் வரும்வரை எத்தனை பிள்ளைகளின் கால் வளையும்?