28 வயதில் நாக்கில் ஆறாத புண்

கேள்வி:
சிகரெட், புகையிலை தொட்டதே இல்லை. நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண், ஐந்து வாரமாக ஆறவில்லை. கடைவாய்ப்பல் உரசுகிறது என்று ஜெல் தடவிக்கொண்டிருந்தேன். இப்போது அடியில் கெட்டியாகத் தட்டுப்படுகிறது. இந்த வயதில் புற்றுநோய் வருமா?

பதில் 1:
வரும். எனக்கு 31-ல் வந்தது, நானும் புகைத்ததில்லை. மூன்று வாரத்தில் ஆறாத புண்ணைக் காட்டியே ஆக வேண்டும். பயாப்சிக்குப் பயந்தேன், மரத்துப்போக ஊசி போட்டுச் சோதனைக்குப் புண்ணிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள், அவ்வளவுதான். "சின்ன வயசு, ஒன்றுமிருக்காது" என்றால் வேறு மருத்துவரிடம் போங்கள். அந்த வார்த்தையில்தான் எனக்கு இரண்டு மாதம் போனது.

பதில் 2:
எச்பிவி வைரஸால் வரும் புற்றுநோயாக இருக்குமோ?

பதில் 1:
அது பெரும்பாலும் டான்சில், தொண்டையை ஒட்டிய அடிநாக்குப் பக்கம். நாக்கின் ஓரத்தில் அபூர்வம்.

கேட்டவர்:
சரி, நாளைக்கே போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.