வீட்லேர்ந்து வேலை பாக்குறவங்களுக்கு கிளவுட் டெஸ்க்டாப் – எது எடுக்கலாம்?

குடந்தை கணக்கு:
வணக்கம்ங்க. கும்பகோணத்துல சின்ன ஆடிட் ஆபீஸ் நம்மளது. ரெண்டு பொண்ணுங்க கல்யாணமாயி ஒருத்தங்க திருத்துறைப்பூண்டி, ஒருத்தங்க வேதாரண்யம்னு போயிட்டாங்க, நல்லா வேல தெரிஞ்சவங்க, விட மனசில்ல. இப்ப ஆபீஸ் சிஸ்டத்த ரிமோட்ல தொறந்துதான் டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல என்ட்ரி போடுறாங்க, இங்க கரண்ட் போனா அங்க ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான். வெளி சர்வர்ல ஓடுற விண்டோஸ நெட் வழியா தொறக்குற கிளவுட் டெஸ்க்டாப்னு விண்டோஸ் 365, அஷ்யூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப், அமேசான் வொர்க்ஸ்பேஸஸ் மூணும் பாத்தேன், ரேட்ட படிச்சா தல சுத்துது. எது சரிப்படும்?

மன்னை நெட்வொர்க்:
சார், மாசத்துல எவ்ளோ நேரம் உள்ள இருப்பாங்கன்றதுதான் கணக்கு. தெனமும் முழுநாள்னா விண்டோஸ் 365, ஆளுக்கு மாசம் ஒரே தொகை, பில்லு ஏறாது. 11, 20ன்னு ஜிஎஸ்டி தேதி நெருங்குறப்ப மட்டும் வேலன்னா அமேசான்ல ஆட்டோஸ்டாப் (யாரும் உள்ள இல்லன்னா மெஷின் தானா நிக்கிறது) போடுங்க, மாசம் ஒரு சின்ன தொகை, அதுக்கு மேல ஓடுன மணிக்குத்தான் காசு.

திருவாரூர்க்காரன்:
அஷ்யூர்ல ஒரே மெஷின்ல நாலஞ்சு பேர் உக்காரலாம், ஆனா பாத்துக்க ஆள் வேணும். விண்டோஸுக்குள்ள ஷட்டவுன் குடுத்தா மெஷின் நின்னுருச்சுன்னு நெனைப்போம், அஷ்யூர் போர்ட்டல்ல போயி டீஅலோகேட் (மெஷின திருப்பி விடுறது) பண்ற வரைக்கும் மீட்டர் ஓடும். ரெண்டு பேருக்கு இதெல்லாம் வேண்டாத வேல.

பட்டுக்கோட்டை பாபு:
யாரும் டிஎஸ்சி டோக்கன், அதாங்க டிஜிட்டல் கையெழுத்து இருக்குற யுஎஸ்பி சாமான், அத பத்தி கேக்கவே இல்லயே? கம்பெனி, எல்எல்பி ரிட்டர்ன்னா டிஎஸ்சி இல்லாம ஃபைல் பண்ண முடியாது. அந்த பென்டிரைவ் மாதிரி சாமான் யார் கையில இருக்கு? வேதாரண்யத்துல சொருகி கிளவுட்ல இருக்குற பிரவுசருக்கு காட்டணும்னா யுஎஸ்பி ரீடைரக்‌ஷன், டிரைவர்னு உசுர எடுக்கும். அப்பறம் டேலி சில்வர் லைசென்ஸ்னா ஒருத்தருக்குத்தான், ரெண்டு பேரும் ஒரே டேட்டால ஒரே நேரத்துல போடணும்னா கோல்டு வேணும்.

குடந்தை கணக்கு:
டோக்கன் என் மேஜ டிராயர்லதான் இருக்கு. டேலி கோல்டுதான். அவங்க வீட்ல கரண்ட் போனா?

பட்டுக்கோட்டை பாபு:
அப்ப கையெழுத்து ஆபீஸ்லயே போட்டுக்குங்க, அவங்க என்ட்ரி மட்டும் போடட்டும். லைன் அறுந்தா ஸ்கிரீன்தான் போகும், டேலி அங்க தொறந்தபடியே நிக்கும், போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு உள்ள வந்தா விட்ட வவுச்சர்லயே தொடரலாம். ஆனா அமேசான் ஆட்டோஸ்டாப்ல டைம் செட்டிங்க பாருங்க, கொறஞ்சது ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஆனா மெஷின் தானா நின்னுடும். நம்ம பக்கம் மழைக்காலத்துல இதாங்க பெரிய லாபம்.

மன்னை நெட்வொர்க்:
அமேசான் எடுத்தா ரீஜியன் (சர்வர் இருக்குற எடம்) மும்பைன்னு போடுங்க சார், அமெரிக்காவுல விட்டா ஒவ்வொரு கீயும் இழுத்துக்கிட்டு வரும். மொதல்ல ஒரே ஒரு லாகின், அதுவும் வேதாரண்யத்துக்கு. அங்க ஓடுனா திருத்துறைப்பூண்டில ஓடாமயா போயிடும்.