முகூர்த்த நாள்ல லாக் குவியுது: வேண்டிய வரியை மட்டும் எப்படித் தக்கவைக்கிறது?

மல்லி_பில்லிங்

வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல சில கமிஷன் கடைகளுக்கு நாங்க செஞ்சு குடுத்த பில்லிங் ஆப்பை நான்தான் பார்த்துக்கறேன். பைத்தான்ல ஃபாஸ்ட்ஏபிஐ வெச்சு எழுதுனது, யூவிகார்ன் சர்வர்ல ஓடுது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து விவசாயிங்க பூ மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவாங்க. தராசுல எடை ஏறுனதும் சர்வருக்கு ரிக்வெஸ்ட் வரும். அன்னைக்கு விலையைப் போட்டு, கமிஷன் கழிச்சு, பில் தொகை அவங்க செல்லுக்கு எஸ்எம்எஸ்ஸாப் போகும்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடியக்காலையில எல்லாக் கடையும் ஒரே நேரத்துல எடை போடுது. அப்ப சிலருக்கு மட்டும் ஒரே மூட்டைக்கு ரெண்டு எஸ்எம்எஸ் போகுது. அவங்க ரெண்டு மூட்டைக்குக் காசு கேக்குறாங்க. மல்லி கிலோ ஆயிரத்தைத் தாண்டி விக்கிற நேரத்துல இது பெரிய சண்டையாகுது. ராத்திரி முழுக்க பூப் பறிச்சுட்டு வந்தவங்ககிட்ட "மெசேஜ் தப்பு"ன்னு சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரலை.

லாக் (ஆப் என்ன செஞ்சதுன்னு வரி வரியா எழுதி வைக்கிற பதிவு) எல்லாம் ஜேசன்லதான் எழுதறோம். எவ்வளவு முக்கியமான வரி வரைக்கும் எழுதணும்ங்கற லெவலை இன்ஃபோவுல வெச்சா டிஸ்க் நிறையுது, பாதிக்கு மேல ஹெல்த் செக் (சர்வர் உயிரோட இருக்கான்னு அடிக்கடி பார்க்குற ரிக்வெஸ்ட்) வரிங்கதான். வார்னிங்குக்கு ஏத்துனா அந்த ரெட்டை எஸ்எம்எஸ் பத்தி ஒரு வரிகூட இருக்க மாட்டேங்குது. ஹெல்த் செக்கைத் தள்ள எல்லா லாகருக்கும் மேல இருக்கிற ரூட் லாகர்ல ஃபில்டர் போட்டிருக்கு, அதையும் மீறி வருது. எதை எங்க வடிகட்டணும்?

பைத்தான்_பழங்காநத்தம்

ஹெல்த் செக்குக்கு மட்டும் சொல்றேன். ரூட் லாகர்ல மாட்டுற ஃபில்டர், கீழ இருக்கிற லாகர்ங்க எழுதுற வரியைத் தொடாது. ரூட்டுலயே நேரா எழுதுனாத்தான் அதுக்கு வேலை. மேல ஏறி வர்ற வரியையும் தடுக்கணும்னா, வரியைக் கடைசியா ஃபைல்லயோ திரையிலயோ எழுதுற ஹேண்ட்லர்ல மாட்டணும். அதோட, யூவிகார்னோட ஆக்சஸ் லாகர் அதோட சொந்த அமைப்புல ரூட் வரைக்கும் வர்றதே இல்ல, தனி ஹேண்ட்லர் வெச்சிருக்கு. அதனால "யூவிகார்ன்.ஆக்சஸ்" லாகர்லயே ஃபில்டரை மாட்டி, ஹெல்த் செக் பாதை வந்தா ஃபால்ஸ் திருப்பி அனுப்புங்க. பாதி டிஸ்க் மிச்சம்.

திருநகர்_ஆப்ஸ்

தம்பி, மேல சொன்னதை முதல்ல செஞ்சிருங்க. எந்த நாள்லயும் யாருக்கும் தேவைப்படாதுன்னு உறுதியாத் தெரிஞ்ச வரியை மூலத்துலயே நிறுத்தலாம். மத்ததுக்கு லெவலை நம்பாதீங்க. கோட் எழுதுனவரு எழுதும்போது என்ன நெனச்சாரோ அதுதான் லெவல். பைத்தான்ல இன்ஃபோ 20, வார்னிங் 30. எஸ்எம்எஸ் ஒரு தடவை போனாலும் 20, ரெண்டு தடவை போனாலும் 20தான். அந்த ரிக்வெஸ்ட் கோளாறானதா இல்லையாங்கறது அது முடியும்போதுதான் தெரியும். அப்ப வடிகட்டுற முடிவையும் அங்கதானே எடுக்கணும்?

ட்ரேஸுக்கு, அதாவது ஒரு ரிக்வெஸ்ட் தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் போன பாதையோட பதிவுக்கு, இது ஓபன்டெலிமெட்ரி கலெக்டர்ல (அந்தப் பதிவுகளைச் சேர்த்து வாங்குற மென்பொருள்) ஆயத்தமாவே இருக்கு, டெயில் சாம்ப்ளிங்னு பேரு. ஆரம்பத்துலயே நூத்துக்கு ஒண்ணுன்னு பொறுக்குனா, உங்களுக்கு வேண்டிய அந்த மூட்டை பெரும்பாலும் தொலஞ்சு போகும். டெயில் சாம்ப்ளிங் ஒரு ட்ரேஸோட ஸ்பான்களை (அதுல உள்ள ஒவ்வொரு வேலைக்குமான பதிவு) கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சுப் பார்த்து முடிவு பண்ணும், காத்திருப்பு நாமளா மாத்தலைன்னா 30 விநாடி. பிழை வந்தது, நேரம் இழுத்தது, எஸ்எம்எஸ் அனுப்புறது எத்தனாவது தடவைன்னு சொல்ற "முயற்சி எண்" 2 அல்லது அதுக்கு மேல இருக்கிறது, இதெல்லாம் முழுசா இருக்கட்டும்னு விதி போடுங்க. நல்லபடியா முடிஞ்சதுல நூத்துக்கு அஞ்சு வைங்க, ஒப்பிட்டுப் பார்க்க வேணும். கலெக்டர் ரெண்டு ஓட்டுறதா இருந்தா ஒரே ட்ரேஸ் ஐடி ஒரே கலெக்டருக்குப் போற மாதிரி முன்னால பிரிச்சு விடணும். இல்லைன்னா ஆளுக்குப் பாதியைப் பார்த்துட்டு முடிவெடுக்கும்.

இது ட்ரேஸை மட்டும்தான் வடிகட்டும், லாக்கை இல்ல. லாக்குக்கு நீங்களே எழுதணும்: ரிக்வெஸ்ட் உள்ள வரும்போது கான்டெக்ஸ்ட்வார்ஸ்ல (ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் தனித்தனியா மதிப்பு வெச்சுக்க பைத்தான்ல இருக்கிற வசதி) ஒரு காலிப் பட்டியல், வரியெல்லாம் அதுல சேரட்டும். முடியும்போது மேல சொன்ன அதே விதியைப் பார்த்து, ஒண்ணு மொத்தத்தையும் எழுதுங்க, இல்ல தூக்கிப் போடுங்க. பைத்தானோட மெமரி ஹேண்ட்லர் இதுக்கு ஒத்துவராது. எல்லா ரிக்வெஸ்டும் ஒரே தொட்டியில கலந்துரும், நிறைஞ்சா எல்லாத்தையும் எழுதிரும். ஒண்ணு கவனம், ப்ராசஸ் செத்தா பட்டியலும் போயிரும். பில் பதிவான வரியை மட்டும் பட்டியல்ல வைக்காதீங்க, அப்பவே எழுதிருங்க. காசு சம்பந்தப்பட்ட வரி அது.

ஒவ்வொரு வரியிலயும் கடை எண், மூட்டை எண், ட்ரேஸ் ஐடி மூணும் தனித்தனி ஃபீல்டா இருக்கணும், வாக்கியத்துக்குள்ள புதைக்கக் கூடாது. ஒரே மூட்டை எண்ணுக்கு ரெண்டு ட்ரேஸ் ஐடி வந்தா தராசுப் பக்கம் ரிக்வெஸ்டை மறுபடி அனுப்பியிருக்கு. ட்ரேஸ் ஐடி ஒண்ணே ஒண்ணுன்னா உங்க கோடே மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கு. முதல் வகையில முயற்சி எண் ரெண்டுலயும் 1தான் இருக்கும். அதனால பில் போடும்போதே அந்த மூட்டை எண் முன்னாடி வந்திருக்கான்னு பார்த்து, "மறுவரவு"ன்னு ஒரு ஃபீல்டு வெச்சு அதையும் விதியில சேருங்க.

கூடல்_க்யூஏ

ஜேசன் வரிக்குள்ள விவசாயி செல் நம்பர் முழுசா இருக்கா? கடைசி 4 இலக்கம் போதும், தேட மூட்டை எண் இருக்கே. அந்த மறைப்பை லாக் சர்வர்ல செய்யாதீங்க, ஆப்புக்குள்ளயே செய்யுங்க. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023லயே வந்தாச்சு. சட்டம் இல்லைன்னாலும், நம்மை நம்பி நம்பர் குடுத்தவங்க அவங்க.

மல்லி_பில்லிங்

ரொம்ப நன்றிண்ணே. போட்டாச்சு, நேத்து முகூர்த்தக் கூட்டத்துல பிடிபட்டுருச்சு. ட்ரேஸ் ஐடி ஒண்ணுதான். முயற்சி 1, அஞ்சு விநாடியில பதில் வராம டைம்அவுட். அடுத்த வரி முயற்சி 2, வெற்றி. நமக்காக எஸ்எம்எஸ் அனுப்புற கேட்வே முதல் தடவையே மெசேஜை அனுப்பிருக்கு, பதில்தான் நமக்குத் தாமதமா வந்திருக்கு. நம்பரும் இப்ப கடைசி 4 மட்டும்தான் பதிவாகுது. டைம்அவுட்டை ஏத்திப் பார்க்கவாண்ணே?

திருநகர்_ஆப்ஸ்

ஏத்துனா குறையும், நிக்காது. மூட்டை எண்ணையே குறிப்பு எண்ணா வெச்சு ரெண்டு முயற்சியிலயும் மாத்தாம அனுப்புங்க. அதைப் பார்த்து ரெண்டாவதை கேட்வே நிராகரிக்குமான்னு அவங்ககிட்ட எழுத்துல கேளுங்க. நிராகரிக்காதுன்னா, டைம்அவுட் ஆனதும் உடனே மறுபடி அனுப்பாம, முதல் மெசேஜ் போச்சான்னு நிலவரம் கேட்டுட்டு அனுப்புங்க.